பூனை கழுத்தில் என் பட்டை

யாரை யார் நெருங்கினார்கள் என்று காட்டிக்கொடுக்கும் பட்டையை எங்கள் மறதி நோயாளிகள் இல்லத்தில் எல்லோர் கையிலும் கட்டினார்கள். எனக்கு அரித்தது. கழற்றிப் பூனையின் கழுத்தில் மாட்டிவிட்டேன். காய்ச்சல் பரவியதும் நர்ஸ் ஸ்டெல்லா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்து, என் மனைவி எதிரிலேயே கேட்டாள்: "என்ன தாத்தா, பொம்பளைங்க ரூம் ஒண்ணு விடாம படுத்து எந்திரிச்சிருக்கீங்க?"

இரண்டு வருடமாக என்னை யாரோ என்று பார்த்துக்கொண்டிருந்த வைரமணி கண்ணைச் சுருக்கினாள். "இது என் வீட்டுக்காரரு. எனக்கு அப்பவே சந்தேகம்."

ஸ்டெல்லா என் வெறும் கையைப் பார்த்தாள். "நெசமா நீங்கதானா? ஆமான்னா தனி ரூம்ல அடைக்கணும்."

வைரமணியைப் பார்த்தேன். "நான்தான்" என்றேன்.

"என்னையும் கூட வச்சு அடைங்க" என்றாள் வைரமணி. "இவரைத் தனியா விடக்கூடாது."