ரஃபீக் பாயின் புது மெஷின்

"கேபிளும் வேணாம், கூட்டும் வேணாம்மா. போட்டிக் கடைக்காரருக்கு யாராவது கொல்லைக் கதவைத் திறந்து விடுவாங்களா?"

ரஃபீக் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பாலக்கரையில் பாதி வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுப்பவர் அவர். எதிரே இருந்த வைஷ்ணவி ஸ்ரீரங்கத்தில் அதே தொழில் செய்பவள். பெரிய கம்பெனிகள் இருவரின் வாடிக்கையாளர்களையும் கொத்திக்கொண்டு போக, சேர்ந்தால்தான் பிழைக்கலாம் என்று மறுபடியும் கேட்டு வந்திருந்தாள்.

"பாய், உங்க மெஷினும் எங்க மெஷினும் தில்லை நகர்ல ஒரே ரூம்ல பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு. இங்கேர்ந்து ஸ்ரீரங்கத்துக்குப் போற படம் சென்னையைச் சுத்திட்டுதான் வரணுமா? நடுவுல ஒரு கேபிள் இருந்தா நேரா வந்துடும். வேகத்துக்கு வேகம், சென்னை லைனுக்குக் கட்டுற வாடகையும் குறையும்."

"அதெல்லாம் பழைய கதைம்மா. போன மாசம் புது மெஷின் வாங்கினேன். அதுலேர்ந்து ஒரு புகார் கிடையாது! சின்னக்கடைத் தெரு நகைக்கடைக்காரர் ஸ்ரீரங்கத்து வீட்டுல உக்காந்தே கடை கேமராவைப் பாக்குறார். முந்தாநாள் சென்னை லைன் அறுந்து நம்ம நெட்டே படுத்துடுச்சே, அப்பக்கூட அவருக்குப் படம் நிக்கல!"

"அவர் வீட்டு லைன் எங்களோடதாச்சே பாய்?"

"உங்க லைன்லயே என் மெஷின் இந்தப் போடு போடுதுன்னா பாத்துக்குங்க! விட்டுட்டுப் போனவங்கல்லாம் திரும்பி வர்றாங்க."

ரஃபீக்குக்குப் பெருமை தாங்கவில்லை. ஊராரிடம் இத்தனை நாள் வாங்கிக் கட்டிக்கொண்ட ஏச்செல்லாம் அந்த நிமிடத்தில் மறந்தே போயிற்று.

"ஷரபு, நீயே சொல்லு" என்று மனைவியைத் துணைக்கு அழைத்தார். வசூலும் வாடிக்கையாளர்களும் அவர் பொறுப்பு; மெஷின்கள் எல்லாம் ஷரபுன்னிசா பொறுப்பு. "நமக்கு இவங்க கேபிள் தேவையா?"

ஷரபுன்னிசா வைஷ்ணவியைப் பார்த்தாள். வைஷ்ணவி சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"உங்க புது மெஷினை நான் இன்னும் அட்டைப்பெட்டியிலேர்ந்தே எடுக்கலைங்க" என்றாள் ஷரபுன்னிசா. "போன மாசம் நானும் வைஷ்ணவியும் அந்தக் கேபிளைப் போட்டுட்டோம். தேவையில்லைன்னா சொல்லுங்க, இப்பவே போய்ப் பிடுங்கிடுறேன்."

"தொட்டுடாதே!" என்று அலறிக்கொண்டு எழுந்தார் ரஃபீக்.