பஞ்சு மூடி

கர்ர்ர்ர்.

காதுக்குள் மாவு மில் ஓடுவதுபோல் இருந்தது. அவள் பதறி எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கண்ணயர்ந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கட்டிலுக்கு எதிரே ஆறடிக் கண்ணாடி மீன்தொட்டி. அதற்குள் தோள்வரை கையை விட்டிருந்தான் அவள் கணவன். அலை கிளப்பும் மோட்டாரைப் பாறையை நோக்கித் திருப்பிக்கொண்டிருந்தான்.

பாறையில் அனிமோன் இருந்தது. கடல் சாமந்தி. பூப்போல் தெரியும் கடல் உயிர்; அடியிலுள்ள ஒற்றைக் காலால் பாறையைப் பிடித்திருக்கும். சாப்பாட்டுத் தட்டு அகலம். பச்சை விரல்கள், ஊதா நுனிகள். பக்கத்துப் பவளத்தை அது கொட்டிக்கொண்டே இருந்தது. பவளம் பாதி வெளுத்துவிட்டது.

அனிமோனை இடம் மாற்றியாக வேண்டும்.

வாசலில் காபி டம்ளருடன் நாத்தனார் சாருலதா நின்றாள். தம்பியைப் பார்க்க ஞாயிறு தவறாமல் வருபவள்.

"இதுக்கு எதுக்குடா இவ்ளோ பாடு? கையால புடுங்கிப் போட வேண்டியதுதானே."

"புடுங்கினா கால் கிழிஞ்சிடும்க்கா. அப்புறம் வம்பு நமக்குத்தான். இருக்கிற இடத்துல நிம்மதி இல்லாம பண்ணிட்டா போதும். தானா விட்டுட்டுப் போயிடும்."

"அப்படியா? ஆறு மாசமா நாமளும் அதைத்தானே பண்றோம்."

அவன் சிரித்தான். திரும்பிக் கட்டிலைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.



வீட்டுப் பத்திரத்தில் இரண்டு பெயர்கள், அவனுடையதும் அவளுடையதும். அதுதான் அவர்களுக்குச் சிக்கல். வெளியே தள்ளினால் வழக்கு வரும். அவளாகக் கிளம்பிவிட்டால், போனவள் அவள்.

முதலில் ஏ.சி. பழுதானது. சரிசெய்ய ஆள் வரவில்லை.

பிறகு அவளுடைய பீரோ பால்கனிக்குப் போனது. மழையில் நனைந்தது.

பிறகு ஹாலில் இருந்த தொட்டி அவள் அறைக்கு வந்தது. அவன் படுக்கை ஹாலுக்குப் போனது. நீல வெளிச்சம் அணைவதே இல்லை. மோட்டார் ஓய்வதே இல்லை.

அவள் போகவில்லை.

இப்போது அவன் மோட்டாரின் வாயிலிருந்த பஞ்சு மூடியை உருவினான். மூடி இருந்தால் வேகம் போதவில்லை. உருவியதைக் கட்டிலில் எறிந்தான். போர்வையில் உப்புத் தண்ணீர் வட்டமாகப் பரவியது.

கர்ர்ர்ர். சத்தம் இரட்டித்தது.

அனிமோன் சுருங்கியது. முஷ்டியளவு ஆனது. ஆனாலும் பாறையை விடவில்லை.

"அது பாறையை விட சாயங்காலம் ஆயிடும்க்கா. சாப்பிட்டு வந்து மூடியை மாட்டிக்கலாம்."

இருவரும் ஹாலுக்குப் போனார்கள். பிரியாணிப் பொட்டலம் பிரியும் வாசனை வந்தது. அவளை யாரும் கூப்பிடவில்லை.

அவள் பஞ்சு மூடியைக் கையில் எடுத்தாள்.

அது எதற்கு என்று அவளுக்குத் தெரியும். மீன் வளர்க்கும் நண்பர்களுக்கு இந்த அறையில் நின்றுதான் அவன் போனில் பாடம் எடுப்பான். 'மூடி இல்லாம அனிமோனை நகர்த்தாத மச்சி. மிதந்து வந்து மோட்டார்ல மாட்டுச்சுன்னா கூழாயிடும். மொத்தத் தொட்டிக்கும் விஷம்.'

பாறையில் காலின் ஓர் ஓரம் எழும்பியது.

அவள் பார்த்தாள்.

சாயங்காலம் ஆகவில்லை. கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பாதிக் கால் எழும்பிவிட்டது. இரண்டு ஆரஞ்சு மீன்கள் அதன் விரல்களுக்குள் போவதும் வருவதுமாகத் தவித்தன.

மீதிக் கால் பாறையைப் பிடித்திருந்தது. தோலே இழுபட்டு மெலிய, பிடித்திருந்தது.

அவள் எழுந்தாள். தொட்டி கைக்கெட்டும் தூரம். மூடியை மாட்ட ஒரு நொடி போதும்.

கையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

ஹாலில் நாத்தனாரின் குரல். வாய் நிறையச் சோறு.

"தீபாவளிக்குள்ள ரூம் காலி ஆயிடும் பாரு. புது பெயிண்ட் அடிச்சிடலாம்."

"லைட் க்ரீன் அடிக்கலாம்க்கா."

அவள் கையை வெளியே எடுத்தாள்.

கட்டிலில் உட்கார்ந்தாள். மூடியைப் பிழிந்தாள். சொட்டு நிற்கும்வரை பிழிந்தாள்.

அனிமோன் பாறையை விட்டது.

மெதுவாக எழும்பியது. ஒரு சுற்றுச் சுற்றியது. விரல்களை விரித்தது. வாங்கி வந்த நாளிலிருந்து அது அவ்வளவு பெரிதாக விரிந்து அவள் பார்த்ததில்லை.

பிறகு பக்கவாட்டில் நகரத் தொடங்கியது. வேகமாக.

கர்ர்ர் சத்தம் அடைத்துக்கொண்டது. சளசளவென்று ஒரு சத்தம். மீண்டும் கர்ர்ர்.

தண்ணீர் பால்போல் வெளுத்தது. பச்சைத் துணுக்குகள் தொட்டியெங்கும் சுழன்றன. ஆரஞ்சு மீன்களில் ஒன்று தண்ணீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

அவன் ஓடிவந்தான். கையில் பிரியாணிச் சோறு ஒட்டியிருந்தது. சுவிட்சை அறைந்து அணைத்தான்.

தொட்டி வந்த நாளிலிருந்து முதல்முறையாக அந்த அறை அமைதியானது.

"மூடி எங்கடி? பாத்துக்கிட்டேவா உக்காந்திருந்த?"

நாத்தனார் வாசலோடு நின்றுவிட்டாள்.

அவள் பஞ்சு மூடியை உதறினாள். ஜன்னல் கம்பியில், வெயில் படும் இடமாகப் பார்த்துக் காயவைத்தாள். பிறகு திரும்பினாள்.

"தானா போயிடும்னு சொன்னீங்க. எதுக்குள்ள போகும்னு சொல்லலையே."