ஒரு வாரம் முந்திய கத்திரிக்காய்

கத்திரிக்காய் அழுதுகொண்டிருந்தது.

அதற்கு வயது இரண்டரை. அம்மாவின் ஊதாத் துப்பட்டாவை உடம்பெல்லாம் சுற்றி, உள்ளே இரண்டு டவலைத் திணித்து, தலையில் பச்சைக் காகிதத்தில் ஒரு காம்பும் வைத்து, அரை மணி நேரம் மல்லுக்கட்டி மகளைக் கத்திரிக்காய் ஆக்கியிருந்தான் அப்பா. குழந்தைகள் காப்பகத்துக்குக் கூட்டிவந்து பார்த்தால், மற்ற பிள்ளைகள் எல்லாரும் சாதாரணச் சட்டையில் நிற்கிறார்கள்.

"என்னங்க இது? இன்னைக்குத்தானே உதவி நாள்?"

"இல்லையே" என்றாள், பிள்ளைகளுக்குச் செருப்பு கழற்றிக்கொண்டிருந்த ஆயா.

வீடில்லாதவர்களுக்குச் சாப்பாடு போடுகிற ஒரு சமையல்கூடத்துக்காக, பிள்ளைகள் காய்கறி வேஷத்தில் கையில் ஒரு காயோடு வர வேண்டுமாம். 'செருப்பையே இடது வலது மாத்திப் போடுற வயசு. இதுக்குள்ள தான தர்மமா?' என்று நோட்டீஸ் வந்த அன்றைக்கே மனைவியிடம் சிரித்திருந்தான். இப்போது சிரிப்பு வரவில்லை. மனைவி காலை ஷிஃப்டுக்குப் போயாயிற்று. ஆபீசுக்கு நேரமாகிறது. கையில் கொடுத்த நிஜக் கத்திரிக்காயை மகள் வழியிலேயே ஒரு கடி கடித்துத் துப்பியிருந்தாள்.

"மூட்டை, மூட்டை" என்று ஒரு வாண்டு அவளைச் சுற்றி ஓடியது. அழுகை ஒரு கட்டை ஏறியது.

காப்பகத் தலைவி வந்தாள். பெற்றோர் அவளுக்கு வைத்த பெயர் 'மிளகாய்'. ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அவன் இந்த ஊருக்கு வந்து ஐந்து மாதம்தான். ஊர் பாஷையில் அவனுக்கு நலம் விசாரிக்க வருவதற்கு முன்னால் சண்டை போட வந்திருந்தது.

"நோட்டீஸ்ல வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கு. நீங்களே பாருங்க."

அவள் வாங்கிப் படித்தாள். ஒருமுறை குழந்தையைப் பார்த்தாள். நோட்டீஸை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க தப்புதான் சார். அடுத்த வாரம்னு தெளிவா போட்டிருக்கணும். மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்புக் கேட்டா ஆச்சா? நான் கட்டடத்துக்குப் பிளான் போடுறவன். என் கையில ஒரு கோடு தப்பினா சுவர் நடுத்தெருவுல நிக்கும். நீங்க ஒரு தேதியைச் சரியா போடக் கூடாதா? பிள்ளை எப்படி அழுவுது பாருங்க."

"உண்மைதான் சார்."

மிளகாய் தலைகுனிந்து நின்றது அவனுக்குத் திருப்தியாக இருந்தது. ஆபீஸ் போகும் வழியெல்லாம், இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் கூப்பிடப் போனபோது கூடம் முழுக்கக் காய்கறி. காகிதக் கேரட், அட்டைத் தக்காளி, கறுப்பு சாக்ஸை மாட்டிய ஒரு முருங்கைக்காய். நடுவில் தலைவி, பச்சை மேஜை விரிப்பை உடம்பில் சுற்றிக்கொண்டு முட்டைக்கோஸாக நின்றாள். அவள் கையைப் பிடித்தபடி அவன் மகள் ராணி மாதிரி எல்லாருக்கும் காம்பை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

கதவில் ஒரு தாள்: 'நோட்டீஸில் தேதிக் குழப்பம். தவறு எங்களுடையது. அதனால் இன்று ஒத்திகை.'

"காலையில நான் போட்ட போடு" என்றான், பக்கத்தில் நின்ற எதிர்வீட்டுக்காரரிடம். அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"குழப்பமா? எனக்கு வந்த நோட்டீஸ் சரியாத்தானே இருந்துது."

"எனக்கு வந்ததைப் பாருங்க."

அவர் வாங்கிப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஊர் பாஷையில் இருந்த ஒரு சின்ன வார்த்தையின் மேல் விரலை வைத்தார்.

"இதை என்னன்னு நினைச்சீங்க?"

"'இனிய'ன்னு. வாழ்த்து மாதிரி."

"'அடுத்த'ன்னு அர்த்தம் சார்."

அவனுக்குக் காது வரைக்கும் சுட்டது. கூடத்தின் அந்தப் பக்கம், கோபமாக வந்த ஒரு அம்மாவிடம் முட்டைக்கோஸ் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது:

"ஆமாம்மா, நோட்டீஸ் எழுதினது நான்தான். தப்பு என்னோடதுதான்."