கட் சொல்லும்வரை

டப்பிங் அறையில் இருந்தவர்கள்: இயக்குநர், ஒலிப்பதிவாளர், நடிகரின் மனைவி, அவளுடைய தம்பி. திரையில் நடிகர்.

நடிகர் செத்துக்கொண்டிருந்தார். பதினோராவது தடவையாக.

விண்வெளிக் கப்பலில் காற்றில்லாத ஒரு சின்ன அறை. வட்டக் கண்ணாடி வைத்த கதவுக்குப் பின்னால் நின்று தட்டுகிறார், வாயைத் திறந்து ஏதோ சொல்கிறார், மெல்லச் சரிந்து கண்ணாடியிலிருந்து மறைகிறார். தொடரின் ஏழாவது பகுதி அங்கேதான் முடிகிறது.

கப்பல் கதவு தானாகத் திறந்து மூடுவதாக வீட்டில் பார்க்கிறவர்கள் நம்புவார்கள். அது வெள்ளிப் பெயின்ட் அடித்த ஒட்டுப்பலகை. சுவருக்குப் பின்னால் நிற்கும் ஒருவன் கயிற்றை இழுத்துப் பிடித்தால் மூடும், விட்டால் திறக்கும்.

அந்த ஒருவன்தான் தம்பி.

கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அக்காவின் கணவர்தான். அதை மாமா மறக்கவில்லை, மற்றவர்களை மறக்க விடவுமில்லை. படப்பிடிப்புக்கு யார் புதிதாக வந்தாலும் இவன் தோளில் கையைப் போட்டு, நம்ம மாப்ளை படிப்பைத்தான் பாதியில் விட்டான், கதவை முழுசாக இழுத்துவிடுவான் என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். இவனும் சிரிப்பான்.

இந்தக் காட்சி எடுத்த அன்று காலையிலும் சிரித்தான்.

வேலைக்கு ஒரே விதி. இயக்குநர் கட் சொல்லும்வரை கயிற்றை விடக் கூடாது. அதற்கு முந்தின நாள் வேறொரு காட்சியில் மாமா தட்டிய தட்டில் பதறிப்போய் இவன் விட்டுவிட்டான். காட்சி பாழ். இயக்குநர் கத்தினார். மாமா கத்தவில்லை.

“கதவு பாவம் பாக்கக் கூடாதுடா மாப்ளே” என்றார், அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

மறுநாள்தான் இந்தக் காட்சி.

புகை இயந்திரத்தின் இரைச்சலில் அன்று பதிந்த ஒலி எதுவும் தேறவில்லை. அதனால் டப்பிங். மாமா குரலில் பேசிக்காட்டிச் சிரிக்கவைக்கத் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். அதனால் இவன்.

காட்சியை வெட்டிவிடுவதாகத்தான் இயக்குநர் சொன்னார். அக்கா விடவில்லை. நடிக்கும்போதே வந்த நெஞ்சுவலி அவரைக் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டது, தட்டியதெல்லாம் நடிப்பு, சரிந்தது மட்டும்தான் நிஜம் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். கடைசியாக அவர் நடித்ததை எல்லாரும் பார்க்கட்டும் என்றாள்.

ஒலிப்பதிவாளர் படத்தை நிறுத்தினார். வசனத் தாளில் அந்த இடத்துக்கு ‘அம்மா’ என்றுதான் இருந்தது.

“அம்மான்னா உதடு ஒரு தரந்தான் சார் ஒட்டும். இவருக்கு ரெண்டு தரம் ஒட்டுது. வேற என்னமோ சொல்றாரு.”

இயக்குநர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கேப்டன் என்று சொல்லிப் பார்த்தார். காப்பாத்து என்று சொல்லிப் பார்த்தார். அக்காவும் சத்தமில்லாமல் உதட்டை ஒட்டி ஒட்டிப் பிரித்தாள். இவன் மட்டும் வாயை அசைக்கவில்லை.

அக்கா திரும்பினாள்.

“நீதானடா பக்கத்துல நின்ன. என்னடா சொல்றாரு?”

“தெரியலக்கா. சத்தத்துல ஒண்ணும் கேக்கல.”

மூன்று மாதமாக எல்லாருக்கும் இதே பதில். சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்டது.

சரி, உள்ளே போய் மூச்சுத் திணறலோடு இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப்பார், எது ஒட்டுகிறதோ அதை வைத்துக்கொள்வோம் என்றார் இயக்குநர். எழுந்தான். அக்கா அவன் கையைப் பிடித்து ஒரு தட்டு தட்டி விட்டாள், பரீட்சைக்கு அனுப்புவதுபோல.

குரல் அறைக்குப் பத்து அடி நடக்க வேண்டும்.

இரைச்சல் இருந்தது கேமராப் பக்கம். கயிற்றுப் பக்கத்தில் அரை அங்குலப் பலகை மட்டும்தான். அதற்கு அந்தப் புறம், இவன் காதிலிருந்து ஒரு முழ தூரத்தில், மாமாவின் வாய் இருந்தது.

மாப்ளே. விட்ரா.

கேட்டது. நடிப்பில்லை என்பதும் தெரிந்தது. விண்வெளிக் கப்பலில் யாரும் யாரையும் மாப்ளே என்று கூப்பிடுவதில்லை. சாவு என்பதுதான் தெரியாது.

விதிக்குப் பயந்து அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அப்படியிருந்தால் என்றைக்கோ அக்காவிடம் சொல்லி அழுது தீர்த்திருப்பான்.

கொஞ்சம் தட்டட்டும் என்று நினைத்தான்.

அவ்வளவுதான். கொஞ்சம்.

எவ்வளவு கொஞ்சம் என்று திரையின் மூலையில் ஓடும் எண்கள் காலையிலிருந்து காட்டிக்கொண்டிருந்தன. நாற்பத்தொரு நொடி.

குரல் அறையில் மைக்குக்கு முன்னால் போய் நின்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கிக்கு நேராக அக்கா உட்கார்ந்திருந்தாள். அந்த உதட்டுக்கு ஒரே ஒரு சொல்தான் ஒட்டும். மாமா அந்தச் சொல்லால் உலகத்தில் ஒரே ஒருவனைத்தான் கூப்பிட்டார். அது யாரென்று அக்காவுக்கும் தெரியும்.

அந்த அறைக் கதவுக்கு உள்பக்கக் கொக்கி தேய்ந்துவிட்டது. சத்தம் கசியாமலிருக்க வெளியே தாழ் போட வேண்டும். ஒலிப்பதிவாளர் எழுந்து வந்தார்.

“முடிஞ்சதும் தட்டுங்க தம்பி. தொறக்குறேன்.”

கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.