ஒரே கை

'ஒரே கை' என்று கணினி காட்டியது.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மேசை அகலத் தொடுதிரை. அதில் ஒரு வரைபடம். அதன் எதிரெதிர் ஓரங்களில் துலுக்காணமும் அவர் மனைவி கன்னியம்மாவும். திரையைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வந்தவர்கள்.

அவள் எழுதிய விதி எளிமையானது. ஒரே கணத்தில் கிளம்பி, ஒரே கணத்தில் நிற்கும் விரல்கள் ஒரே ஆளுடையவை. மற்றவை வேறு வேறு ஆட்களுடையவை. ஒரே ஆளின் விரல்கள் விலகினால்தான் படம் பெரிதாகும்.

காலையிலிருந்து வந்த ஜோடிகளை எல்லாம் அது பிரித்துப்போட்டது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை. இரட்டைச் சகோதரிகளைக்கூட.

இவர்கள்தான் கடைசி. இவர்களையும் பிரித்துவிட்டால் அவள் ஜெயித்தாள்.

துலுக்காணத்தின் கைகளைத் தொழிற்சாலை பிரஸ் இயந்திரம் என்றைக்கோ நசுக்கிவிட்டது. வலதில் சுண்டுவிரல் மட்டும் மிச்சம். இடதில் அதுவும் இல்லை. அந்தக் கையை வைத்தால் 'தெரியாமல் பட்டது' என்று திரை தள்ளிவிடும். அதுவும் அவள் எழுதிய விதிதான்.

அவர் மறுபடியும் சுண்டுவிரலை வைத்தார். கன்னியம்மா ஆள்காட்டி விரலை வைத்தார்.

ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இருவர் கண்ணும் வரைபடத்தில்தான்.

விரல்கள் விலகின. கடல் ஒதுங்கியது. தோஹா வந்தது, தெருக்கள் வந்தன, மகள் இருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடி வந்தது.

மீண்டும், 'ஒரே கை.'

அவள் இரண்டு விரல்களின் தடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். மயிரிழை வித்தியாசம் இல்லை. ஒரே ஆளின் இரு விரல்கள்கூட இவ்வளவு ஒற்றுமையாகப் போனதில்லை.



"விரலுக்கு விரல் இருக்குற தூரத்தையும் கணக்குல எடுத்தா பிரிஞ்சுடும்க்கா" என்றான் பக்கத்து நாற்காலியில் வேலை செய்துகொண்டிருந்த இர்ஃபான். "ஒரு வரிதான்."

அந்த ஒரு வரியை அவளே எழுதினாள். பிறகு கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அந்த வரி இருந்தால் அந்த மொட்டைமாடி அவர்களுக்கு வராது.

அழித்தாள். எழுந்து உள்ளே போனாள்.

"விரல் எப்பக் கெளம்பணும்னு ரெண்டு பேருக்கும் எப்படிம்மா தெரியுது?"

கன்னியம்மாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"தெரியலியேம்மா. இவருக்குச் சட்டை பட்டன் போட்டுப் போட்டு வந்துச்சோ என்னமோ."

துலுக்காணம் இன்னும் மொட்டைமாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவளை அழைத்துப்போகக் கணவன் வந்தான். வண்டிச் சாவி கையிலேயே இருந்தது.

"இந்தத் திரையில ஒரு விரல் வையேன்."

"எதுக்கு?"

"வையேன்."

வைத்தான். எதிர்ப்பக்கம் நின்று அவளும் வைத்தாள். விரல்கள் நகர்ந்தன.

'இரண்டு பேர்' என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்த கணினியில் உடனே வந்தது.

அவன் கையை எடுக்கப் போனான். அவள் விரலை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை" என்றாள்.