மூன்று விரல் வாட்டம்

மூன்றாவது முறையாக அவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

முதல் பெஞ்சில் தோள்மேல் ஒரு சொட்டு விழுந்தது. நடு வரிசையில் மேலே விழவில்லை, பக்கத்தில் விழும் சத்தம் கேட்டது. கடைசி வரிசைக்கு வந்தும் அது விடவில்லை.

எண்பத்து மூன்று வயதில் இப்படிக் கால் தரிக்காமல் அலைவது அவருக்கே எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை காலை. பூசை இல்லை. வெளியே நல்ல மழை. தேவாலயத்துக்குள் பதினொரு வாளிகள்.

இந்தக் கட்டடத்தை வரைந்தவர் அவர்தான். போரில் குண்டு விழுந்து தரைமட்டமான இடத்தில், கோபுரமும் வேண்டாம் குவிமாடமும் வேண்டாம் என்று நேர்கோடுகளால் மட்டும் எழுப்பியது. மேலே தட்டைக் கூரை. ஜெர்மனி முழுக்கப் பத்திரிகைகளில் படம் வந்தது. அந்தப் படத்தைக் காட்டித்தான் பிறகு இரண்டு பள்ளிக்கூடங்கள், ஒரு நகர மன்றம், பேராசிரியர் பதவி எல்லாம்.

படத்தில் மழை பெய்யாது.

கோட்டுப் பையில் இந்தத் தேவாலயத்தின் பங்குச் சபை அனுப்பிய கடிதம் இருந்தது. தட்டைக் கூரைக்கு மேல் சரிவாக ஓடு போட வேண்டுமாம். வரைந்தவர் சம்மதிக்காமல் தோற்றத்தை மாற்றக் கூடாதாம். இதே கடிதம் நான்கு முறை வந்து, நான்கு முறையும் முடியாது என்று எழுதியிருந்தார். மாட்டுக்கொட்டகை வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள் என்று ஒருமுறை எழுதியதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருந்தது.

ஐந்தாவது கடிதத்தில் ஒரு வரி புதிது.

'ஒழுகலுக்குக் காரணம் கட்டிய மேஸ்திரியின் வேலைக் குறைபாடே. வரைந்தவர் மீது எந்தப் பிழையும் இல்லை.'

அவர் மனம் நோகக் கூடாதென்று யாரோ யோசித்துச் சேர்த்த வரி. அதுதான் அவரை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்து, ரயில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து போட்டது.

பன்னிரண்டாவது வாளியோடு ஒரு பெண் வந்தாள். அறுபது வயதிருக்கும். தேவாலயத்தைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்பவள். அண்ணாந்துகூடப் பார்க்காமல் நேரே போய் ஓரிடத்தில் வைத்தாள். அடுத்த சொட்டு அதற்குள் விழுந்தது.

அவரை மழைக்கு ஒதுங்கியவர் என்று நினைத்துவிட்டாள்.

"இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க ஐயா. எங்கெங்க ஒழுகும்னு எனக்கு அத்துப்படி. எங்கப்பா கட்டின கூரைதான் இது." சொல்லிவிட்டு வெட்கத்தோடு சிரித்தாள். "ஊருக்கே தெரிஞ்சதுதான். அவர் செஞ்சதுக்கு நான் வாளி வைக்கிறேன்."

தீட்ஸ் மேஸ்திரியின் மகள்.

அவர் கை கோட்டுப் பையின் மேல் போனது.

நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால், இதே இடத்தில், வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு தீட்ஸ் சொன்னார். "தண்ணி ஓட இன்னும் மூணு விரல் வாட்டம் வேணும் சார். தண்ணிக்கு உங்க அழகெல்லாம் தெரியாது."

அப்படிச் செய்தால், தெருவிலிருந்து பார்க்கும்போது கூரையின் விளிம்பு தடிமனாகத் தெரியும். அது அவருக்குப் பொறுக்கவில்லை. வரைபடத்தில் தீட்ஸ் குறித்துக் காட்டிய அந்த மூன்று விரல் சரிவையும் தன் பென்சிலால் வெட்டினார்.

முதல் மழையிலேயே ஒழுகியது. சபை கூடிக் கேட்டது. போர் முடிந்து அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. பயந்துபோனார். "வேலை சுத்தமில்லை" என்றார். படத்தில் இருந்தபடிதான் கட்டினேன் என்று தீட்ஸ் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதன் பிறகு அந்த ஊரில் ஒரு கோழிக்கூண்டு கட்டக்கூட தீட்ஸை யாரும் கூப்பிடவில்லை.

இப்போது கையெழுத்துப் போட்டால் போதும். ஓடு வரும், ஒழுகல் நிற்கும். அந்த மூன்று விரலும் அதன் அடியில் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். எல்லோருக்கும் நல்லது. அவருக்கு ரொம்பவே நல்லது.

எழுந்தார். வாசல்வரை போனார். திரும்பி வந்தார். மறுபடி வாசல்வரை போனார்.

பிறகு கடிதத்தை பெஞ்சின் மேல் விரித்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார்.

திறந்தார்.

மேஸ்திரியைப் பற்றிய வரியை ஒரே கோடாக அடித்தார். அதற்கு மேலே, 'வாட்டத்தைக் குறைத்தவன் நான்' என்று சின்ன எழுத்தில் எழுதினார். வரைபடத்தைத் திருத்தும் பழக்கத்தில் பக்கத்தில் தேதியும் போட்டார்.

பங்குத்தந்தை வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடலாம். அப்படித்தான் நினைத்தார். கை என்னவோ அவள் பக்கம் நீண்டது.

"இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்கம்மா."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"கண்ணாடி வீட்ல இருக்கு ஐயா. நீங்களே படிச்சுச் சொல்லிடுங்களேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அனுப்பியவர் முகவரியைப் படித்தார். தேதியைப் படித்தார். மதிப்புக்குரிய ஐயா என்பதைப் படித்தார். ஓடு, சரிவு, சம்மதம் எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் படித்தார்.

அடுத்தது அந்த வரி.

நன்றாகக் கேட்க வேண்டும் என்று அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.