உல்யானாவுக்கு மட்டும் வழியில்லை

"நீ மட்டும் போகக்கூடாதும்மா" என்று குறுக்கே கையை நீட்டினார் யெகோர்.

உறைந்துபோன துவினா ஆற்றின் மேல், நகரத்திலிருந்து கேகோ தீவுக்கு நடந்துபோகும் பனிப்பாதைக்குக் காவலாளி அவர். தீவுக்காரரும்கூட.

உல்யானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தீவின் பழைய மரவீடுகளைப் பார்க்க மாஸ்கோவிலிருந்து வந்த கூட்டம் ஒன்று இப்போதுதான் சிரித்துக்கொண்டே பனியில் இறங்கிப் போயிருந்தது. அதில் ஒருவர் நல்ல தடியான ஆள். முழங்கால் வரைக்கும் கம்பளிக் கோட்டு, தோளில் பெரிய கேமரா.

"அவரைத் தாங்குற பனி என்னைத் தாங்காதா அண்ணே?"

"தாங்கும்."

"அப்புறம்?"

"உன் பூட்ஸ் வழுக்கும்."

"இதே பூட்ஸ்லதான் போன குளிர்காலம் பூரா போனேன். நீங்கதானே வழிவிட்டீங்க?"

யெகோர் தாடியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பனி உடைக்கிற கப்பல் வரப்போகுது."

"அது சாயந்தரம்தானே வரும்? அதோ, பலகையில எழுதிப் போட்டிருக்கே."

"எழுதுறவன் ஆயிரம் எழுதுவான்."

பின்னாலிருந்து ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவரைப் பேசாமல் போகவிட்டார் யெகோர். உல்யானா ஓரடி எடுத்து வைத்ததும் மறுபடி கை குறுக்கே வந்தது.

ஒரு மாதமாகவே மாமியார் ஃபைனாவின் போக்கு சரியில்லை. கணவன் மத்வேய் மீன்பிடிக் கப்பலில் இருக்கிறான், புத்தாண்டு கழிந்துதான் வருவான். அவன் இல்லாவிட்டாலும் ஞாயிறு தவறாமல் தீவுக்குப் போய்விடுவாள் உல்யானா. முதலில் படகில், ஆறு உறைந்த பிறகு நடந்து.

அந்தப் பாசத்துக்குக் கிடைத்த பலன் இதுதான். குழாயடியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தால், "பாதியைத் தரையில கொட்டுற, வை அங்கே" என்று வாளியைப் பிடுங்கினாள் மாமியார். நீராவிக் குளியலுக்குத் துண்டோடு கிளம்பினால், "பட்டணத்து உடம்புக்கு இந்தச் சூடெல்லாம் ஒத்துக்காது" என்று முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். இன்று காலை போனில் ஒரேயடியாக முடித்துவிட்டாள்.

"இந்த வாரம் வராதே. இனிமேலும் வேண்டாம்."

ஏன் என்று கேட்பதற்குள் வைத்தும்விட்டாள்.

உல்யானா தாயில்லாப் பெண். ஒரு சேதியை நெஞ்சில் அடைத்து வைத்திருந்தாள். அதைச் சொல்ல அவளுக்கு இருந்தது இந்த ஒரு மனுஷிதான். போனில் சொல்கிற சேதியும் இல்லை. அதனால்தான் மானத்தை விட்டுக் கிளம்பி வந்திருந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்கண்ணே. யார் விடக்கூடாதுன்னு சொன்னது?"

யெகோர் ஆற்றைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். வேறு வழி தெரியவில்லை.

"உன் மாமியார்தாம்மா. என்ன நடந்தாலும் உன்னைப் பனியில கால் வைக்க விடக்கூடாதாம். விட்டா இந்த ஜென்மத்துல என்கூடப் பேசமாட்டாங்களாம்."

"ஏனாம்?"

"கேட்டேனே. 'உன் வேலையைப் பாரு'ன்னுட்டாங்க. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

உல்யானாவின் முகம் சுண்டிப்போனது. காவலாளியிடம் சொல்லித் தடுக்கும் அளவுக்கா போய்விட்டது?

"சரிண்ணே. உல்யானா இனி தீவுப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டான்னு சொல்லிடுங்க."

திரும்பி நடந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தக் குளிரில் அழுதால் இமை ஒட்டிக்கொள்ளும் என்று அடக்கிக்கொண்டாள்.

"நில்லும்மா" என்று கூப்பிட்டார் யெகோர். "அதோ அவங்களே வர்றாங்க. நீயே கேட்டுக்க."

பனியின் மேல் சாம்பல்நிறச் சால்வை ஒன்று வேகவேகமாக வந்துகொண்டிருந்தது. ஃபைனாவேதான். பின்னால் இழுத்துவந்த சறுக்குவண்டியில் ஒரு பெட்டி, ஒரு மூட்டை, கூடைக்குள் பூனை.

கரையேறியதும் ஆரம்பித்தாள். "வராதேன்னா வந்து நிக்கிறதா? சொன்ன பேச்சைக் கேட்டு உனக்குப் பழக்கமே கிடையாதா?"

"நான் என்ன தப்பு பண்ணினேன் அத்தை? என்னைப் பிடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க."

"உன் வீட்டுச் சாவியை எடு."

"எதுக்கு?"

"பனி உருகுற வரைக்கும் நான் அங்கேதான் இருக்கப்போறேன்."

யெகோர் வாயைப் பிளந்தார். மகன் கல்யாணத்துக்குக்கூட நகரத்தில் ஒரு ராத்திரி தங்காதவள் ஃபைனா.

"அப்போ தீவுல உங்க வீடு?" என்றார்.

"பக்கத்து வீட்டுக்காரி அடுப்பு மூட்டுவா. நீ மூட்டையை இறக்கு."

உல்யானாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேண்டாம் என்றவள் பூனையோடு குடிவருகிறாள்.

"எனக்கு ஒண்ணுமே புரியல அத்தை. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னுதான் வந்தேன். எனக்கு…"

கம்பளிக் கையுறை அவள் வாயைப் பொத்தியது. ஃபைனா தன் இடது தோளுக்கு மேலாகத் திரும்பித் தூ தூ என்று துப்பினாள். யெகோர் மூட்டையோடு சற்றுத் தள்ளிப் போனதும், மருமகளின் காதோரம் குனிந்தாள்.

"சொல்லாதடி. வயிறு தெரியுறதுக்கு முன்னால வாய்விட்டுச் சொன்னா கண்ணு பட்டுடும். அதுக்குப் பயந்துதானே ஒரு மாசமா காரணம் சொல்லாம உன்னைத் திட்டிக்கிட்டே இருக்கேன்."